பைக்குள் ஒரு சமையற்கட்டு: சிங்கப்பூரில் கையடக்கச் சமையல் செட் சேர்ப்பது எப்படி?

வெளியே சமைக்க வேண்டும் என்ற ஆசை வந்ததும் பலரும் முதலில் அடுப்பைத்தான் வாங்குகிறார்கள். சிங்கப்பூரில் அடுப்பு கடைசியாக வாங்க வேண்டிய பொருள். என்ன சாப்பிடப் போகிறோம், அந்த இடத்துக்கு எதில் போகப் போகிறோம் என்ற இரண்டையும் முடிவு செய்துவிட்டால், எதை வாங்குவது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

எதில் போகிறோம் என்பது ஏன் அவ்வளவு முக்கியம்? எம்ஆர்டி நிலைய வாசலில் தினமும் நாம் பார்க்கும் அறிவிப்புப் பலகையை ஒருமுறை நின்று படியுங்கள். உள்ளே சாப்பிட்டாலோ குடித்தாலோ 500 வெள்ளி அபராதம். எளிதில் தீப்பற்றும் பொருளைக் கொண்டு போனால் 5,000 வெள்ளி. எரிவாயு கேன், ஸ்பிரிட், திட எரிபொருள் வில்லை எல்லாமே இந்த இரண்டாவது வகையில் வந்துவிடும். பேருந்துக்கும் இதையே விதியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆக, காலையில் தோளில் மாட்டி ரயில் ஏறும் பையில் எரிபொருளுக்கு இடமே இல்லை.

அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: செட்டை இரண்டாகப் பிரியுங்கள். தீயே இல்லாத சிறு செட் ஒன்று, எப்போதும் பையில் இருப்பது. அடுப்பும் எரிவாயுவும் உள்ள இன்னொன்று, வீட்டிலேயே இருந்து கார் கிடைக்கும் நாளில் மட்டும் வெளியே வருவது. முதல் செட்டைச் சேர்த்து, சில வாரம் அதில் சாப்பிட்டுப் பழகிய பிறகு இரண்டாவதற்குப் பணம் செலவு செய்யுங்கள். பலருக்கு இரண்டாவது தேவைப்படாமலே போகலாம். அதில் ஒரு குறையும் இல்லை.

தினசரிப் பை

இதன் உயிர் ஒரு ஃபிளாஸ்க். தண்ணீர் பாட்டில் போன்ற ஒல்லி ஃபிளாஸ்க் வேண்டாம், வாய் அகன்ற உணவு ஃபிளாஸ்க் வேண்டும். இரட்டைச் சுவர் எவர்சில்வரில், நடுவே காற்று நீக்கியது. தெர்மோஸ், ஜோஜிருஷி, டைகர் ஆகியவை இங்கே பெரிய கடைகளில் எளிதாகக் கிடைக்கும். ஒருவருக்கு 500 மில்லி போதும். 300 மில்லி பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சிறிய ஃபிளாஸ்க் சீக்கிரம் ஆறிவிடும், வேக வைக்கும் வேலைக்கு உதவாது. பெட்டியின் மேல் ‘6 மணி நேரத்துக்குப் பிறகு இத்தனை டிகிரி’ என்று அச்சிட்டிருப்பார்கள். விலையைவிட அந்த எண்ணைப் பாருங்கள். 60 டிகிரிக்குக் கீழே இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். மூடியைக் கழற்றி, ரப்பர் வளையம் தனியே வருகிறதா என்றும் கடையிலேயே பார்த்துவிடுங்கள். வராத வளையத்துக்குள் சாம்பார் வாடை குடியேறிவிட்டால் பிறகு போகாது.

கூடவே கொதிநீருக்கு 500 மில்லி ஃபிளாஸ்க் இன்னொன்று. அப்புறம் கைப்பிடி நீண்ட ஒரு ஸ்பூன். மடிக்கும் ஸ்பூன், ஸ்பூனும் முள்கரண்டியும் ஒட்டிய ரகம் எல்லாம் கடையில் கண்ணைப் பறிக்கும். ஃபிளாஸ்கின் அடிவரை எட்டாத ஸ்பூனால் என்ன பயன்? வீட்டில் உள்ள ஐஸ்கிரீம் ஸ்பூனே இந்த வேலைக்குச் சரி. மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பா ஒன்று, தேக்கா பக்கத்துப் பாத்திரக் கடைகளிலோ முஸ்தஃபாவிலோ வாங்கலாம். அதுவே தட்டு, அதுவே கிண்ணம். ஒரு பருத்தித் துணி, கொஞ்சம் டிஷ்யூ, எச்சில் பாத்திரத்தைப் போட்டுக்கொள்ள ஒரு ஜிப் பை. இவ்வளவுதான். தண்ணீர் சேர்க்காமல் மொத்தம் ஒரு கிலோவை ஒட்டி வரும்.

கத்தி வேண்டாமா? வேண்டாம். தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது இங்கே சட்டச் சிக்கலில் மாட்டிவிடக்கூடியது. ‘வெங்காயம் நறுக்க’ என்று அலுவலக நாளில் எம்ஆர்டி நிலையத்தில் விளக்கிக்கொண்டிருக்கும் நிலை யாருக்கும் வர வேண்டாம். காய் நறுக்குவதை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். பொட்டலம் பிரிக்க, முனை மழுங்கிய சிறு கத்தரிக்கோல் போதும்.

ஃபிளாஸ்கில் வேக வைப்பது

இதுதான் மொத்தக் கலையும், அதனால் இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுப்போம். ஃபிளாஸ்க் சூட்டை உண்டாக்காது, இருப்பதைக் காப்பாற்றும், அவ்வளவுதான். நீங்கள் ஊற்றும் கொதிநீரின் சூட்டை முதலில் தின்பது அரிசி அல்ல, குளிர்ந்து கிடக்கும் ஃபிளாஸ்கின் உள்சுவர். அதனால் முதல் வேலை சூடேற்றுவது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, மூடி, ஐந்து நிமிடம் விடுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, உடனே பொருளைப் போட்டுப் புதிதாகக் கொதிநீர் ஊற்றுங்கள். உள்ளே குறித்திருக்கும் கோடு வரை நிரப்ப வேண்டும். பாதி ஃபிளாஸ்க் காற்றாக இருந்தால் சூடு தங்காது. மூடியபின் ஒருமுறை மெதுவாகத் தலைகீழாகத் திருப்பி எடுங்கள், மூடிக்கும் சூடு ஏறும்.

அலுவலகப் பேன்ட்ரியில் சுடுநீர் வரும் குழாயை நம்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். பல இயந்திரங்கள் தருவது கொதிநீர் அல்ல, நன்றாகச் சுட்ட நீர் மட்டுமே. அவலுக்கு அது போதும், அரிசிக்குப் போதாது. கெட்டில் இருந்தால் அதில் தளதளவென்று கொதிக்க விட்டு ஊற்றுங்கள்.

தொடங்குவதற்கு மிக நல்ல பொருள் அவல். கெட்டி அவலைக் கழுவி வடித்து, சூடேற்றிய ஃபிளாஸ்கில் போட்டு, மூழ்கும் அளவுக்கு மட்டும் சுடுநீர் விட்டு ஐந்து நிமிடம் மூடுங்கள். அவல் கொஞ்ச நேரத்தில் ஊறிவிடுவதால் இதற்குக் கோடு வரை நிரப்ப வேண்டியதில்லை. வீட்டிலிருந்து கொண்டு போன தாளிப்பைக் கலந்தால் சாப்பாடு தயார். அடுத்தது சேமியா, வறுத்தது, பத்து நிமிடம். அதற்கு அடுத்ததுதான் ரவை. ரவையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: ரவையைப் போட்டு அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் அடியில் கட்டி பிடிக்கும். முதலில் கொதிநீரை ஊற்றிவிட்டு, ஒரு கையால் ரவையைத் தூவிக்கொண்டே மறு கையால் கிளறுங்கள். அரை கப் ரவைக்கு ஒன்றேகால் கப் தண்ணீர். பத்து நிமிடம் கழித்துத் திறந்து, ஸ்பூனால் அடியிலிருந்து ஒருமுறை கிளறிவிட்டு, இன்னும் இரண்டு நிமிடம் மூடி வையுங்கள்.

இந்த ரவை ஊருக்குப் போகும்போது அம்மாக்கள் கட்டிக் கொடுக்கும் அதே உப்புமா மாவுதான். கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை எல்லாவற்றையும் எண்ணெயில் தாளித்து, அதிலேயே ரவையைக் கொட்டி மணம் வர வறுத்து, உப்பும் பெருங்காயமும் சேர்த்து ஆற விடுங்கள். கறிவேப்பிலை கையில் நொறுங்கும் அளவுக்குக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் சிங்கப்பூரின் புழுக்கத்தில் இரண்டே நாளில் வாடை வந்துவிடும். எண்ணெய் ஏற்கெனவே மாவுக்குள் இருப்பதால் தனியாக எண்ணெய் பாட்டில் தூக்க வேண்டியதில்லை. பையில் எண்ணெய் கசிந்தால் படும் பாடு கொஞ்சமல்ல, அதனால் தாளிப்பை எப்போதும் வீட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, இட்லிப் பொடி மூன்றும் இறுக மூடும் சிறு புட்டிகளில் இருந்தால் வெறும் சோறுகூடச் சாப்பாடாகிவிடும்.

கஞ்சிக்கு நேரம் வேண்டும். நான்கு மேசைக்கரண்டி நொய்யும் ஒரு கரண்டி பாசிப்பருப்பும் வறுத்து எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அடுப்பு இருந்தால், 400 மில்லி தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்க விட்டு, அப்படியே ஃபிளாஸ்கில் மாற்றுவதுதான் உத்தமம். ஏழு மணிக்கு ஊற்றினால் ஒன்பதரைக்குக் குழைந்த கஞ்சி. கெட்டில் மட்டும்தான் உண்டு என்றால் அதே பொருளை ஃபிளாஸ்கில் கொதிநீரில் அரை மணி நேரம் ஊற வைத்து, அந்த நீரை வடித்துவிட்டு, மறுபடி கொதிநீர் ஊற்றி இரண்டு மணி நேரமாவது விடுங்கள். கொஞ்சம் நறுக்கென்றுதான் இருக்கும், ஆனால் வெந்திருக்கும்.

எதை ஃபிளாஸ்கில் வேக வைக்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பச்சை இறைச்சி, மீன் வேண்டவே வேண்டாம். ராஜ்மா கூடவே கூடாது. அந்தப் பயற்றில் வயிற்றைப் புரட்டிப்போடும் நச்சுப்பொருள் ஒன்று உண்டு. நன்றாக ஊற வைத்து, குறைந்தது பத்து நிமிடம் கொதித்தால்தான் அது அழியும். ஃபிளாஸ்கின் மிதமான சூட்டில் பயறு மெத்தென்று ஆகும், நச்சு அப்படியே இருக்கும். கொண்டைக்கடலை போன்ற பெரிய பயறுகளும் ஃபிளாஸ்கில் வேகாது. வீட்டில் குக்கரில் வேக வைத்ததைச் சூடாக எடுத்துப் போகலாம்.

நேரக் கணக்கிலும் கறாராக இருங்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் பெருகும். வெளியிலிருந்து தருவிக்கும் விருந்துச் சாப்பாட்டைச் சமைத்த நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடச் சொல்வது இதனால்தான். ஃபிளாஸ்க் சாப்பாட்டுக்கும் அதே நான்கு மணி நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். திறக்கும்போது ஆவி பறக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால், அதிலும் சோறாக இருந்தால், மனம் கேட்காவிட்டாலும் கொட்டிவிடுங்கள். சோற்றில் வரும் கிருமியின் விதைகள் கொதிநீரையும் தாங்கி உயிரோடு இருக்கும். மறுபடி சூடு பண்ணினாலும் அது கக்கிய நச்சு போகாது.

கடைசியாக ஒன்று. ஃபிளாஸ்கை எந்தக் காரணத்துக்காகவும் அடுப்பின்மேல் வைக்காதீர்கள். இரண்டு சுவருக்கும் நடுவே அடைபட்ட இடம் சூடேறினால் வெடிக்கலாம்.

வாடகை அறையில் இருப்பவர்களுக்கு

வேலை அனுமதியில் வந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஓர் அறை எடுத்திருப்பவர்களுக்கு ‘சமையல் கூடாது’ அல்லது ‘லேசான சமையல் மட்டும்’ என்ற நிபந்தனை பழகிப்போன ஒன்று. மேலே சொன்ன செட் உங்களுக்குத்தான் எல்லோரையும்விட உதவும். கெட்டில் ஒன்றுக்கு வீட்டுக்காரர் சம்மதித்தால் கஞ்சி, உப்புமா, சேமியா, டீ எல்லாம் நடக்கும். சிறிய மின்சாரக் குக்கர் வாங்க நினைத்தால் முதலில் அவரிடம் கேட்டுவிடுங்கள். கேட்காமல் வாங்கி அலமாரிக்குள் ஒளித்து வைத்துச் சமைப்பது தீ விபத்துக்கு வழி, அறையையும் இழக்க நேரிடும்.

வாங்கும்போது ‘சேஃப்டி மார்க்’ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே மின்சாரம் 230 வோல்ட், பிளக் மூன்று தட்டைக் கால் உள்ளது. ஊரிலிருந்து கொண்டு வந்த சாதனத்தின் வோல்ட் ஒத்துப்போகும், உருண்டைக் கால் பிளக் ஒத்துப்போகாது. ஜப்பானிலிருந்து இணையத்தில் வரவழைக்கும் குட்டிக் குக்கர்கள் 100 வோல்ட்டுக்குச் செய்தவை, இங்கே செருகினால் எரிந்துபோகும். கெட்டிலுக்குள் அரிசி, முட்டை, மேகி எதையும் போடாதீர்கள். அது தண்ணீருக்கு மட்டும்.

இரண்டாவது செட்: அடுப்பு

சரி, கார் இருக்கிறது, கடற்கரையில் ஒரு நாள் கழிக்கப் போகிறீர்கள். இப்போது அடுப்பைப் பற்றிப் பேசலாம்.

வீட்டில் ஸ்டீம்போட் சாப்பிட வாங்கிய கேஸட் அடுப்பு இருந்தால் அதிலிருந்தே தொடங்குங்கள். பெட்டி போன்றது, பக்கவாட்டில் நீளமான பியூட்டேன் கேன் படுத்திருக்கும். கனம்தான், ஆனால் அகலமாக உட்காரும், கவிழாது, கேன் சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும். நான்கு பேருக்குச் சமைக்க இதை மிஞ்ச எதுவுமில்லை. தனியாகவோ இருவராகவோ போகிறீர்கள், எல்லாம் ஒரு பாத்திரத்துக்குள் அடங்க வேண்டும் என்றால், திருகு கேனின் (வாயில் மரை உள்ள கேன்) தலையில் பொருத்தும் உள்ளங்கை அளவு அடுப்பு. 110 கிராம் கேனும் அடுப்பும் சேர்ந்து பெரும்பாலும் 750 மில்லி பாத்திரத்துக்குள் உட்கார்ந்துவிடும்.

குளிர்நாட்டு மலையேறிகள் எழுதுவதைப் படித்துவிட்டுப் பலர் இங்கேயும் ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த விலை கூடிய கேன்தான் வேண்டும் என்று நினைக்கிறார்கள். பியூட்டேன் ஆவியாவதற்குச் சுழி டிகிரியை ஒட்டிய வெப்பமே போதும். பனியில்தான் அது படுத்துக்கொள்ளும். இரவிலும் 25 டிகிரிக்கு அருகில் இருக்கும் சிங்கப்பூரில் அந்தக் கவலையே இல்லை. சாதாரண பியூட்டேன் கேன் கடைசி மூச்சு வரை நன்றாகவே எரியும். திருகு அடுப்பில் கேஸட் கேனைப் பொருத்த இணைப்பான்கள் விற்கிறார்கள். கால் உள்ள, கேனைப் படுக்க வைக்கும் வகையை வாங்குங்கள்.

கேஸட் கேனைக் கையில் எடுத்து அதன் கழுத்து விளிம்பைப் பாருங்கள். ஓரிடத்தில் சிறு வெட்டு இருக்கும். கேன் படுத்திருக்கும்போது அந்த வெட்டு மேலே பார்க்க வேண்டும். உள்ளே வளைந்த குழாய் ஒன்று இருக்கிறது. வெட்டு மேலே இருந்தால் குழாயின் நுனி ஆவி நிற்கும் பகுதியில் இருக்கும். திருப்பிப் போட்டால் நுனி திரவத்துக்குள் மூழ்கி, வாயுவுக்குப் பதில் திரவமே பர்னருக்கு வந்து, சுடர் ஆளுயரம் எழும்பும். கேஸட் அடுப்பில் வெட்டு சரியாக உட்காராவிட்டால் நெம்புகோல் இறங்காது. அப்போது பலத்தைக் காட்டாமல், கேனை வெளியே எடுத்துப் பார்த்துத் திரும்பப் போடுங்கள்.

எவ்வளவு வாயு வேண்டும்? அறை வெப்பத்தில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க, காற்றில்லாத இடத்தில் ஏறக்குறைய 12 முதல் 15 கிராம். கடற்காற்றில் இது எளிதில் இரு மடங்காகும். இருவர் ஒரு பகல் டீயும் உப்புமாவும் போட 110 கிராம் கேனே மிஞ்சும். மூன்று கேன் வாங்கி வீட்டில் அடுக்கி வைக்க வேண்டியதில்லை.

திட எரிபொருள் வில்லைகளைத் தேசிய சேவை செய்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். கோல்டன் மைல் உணவங்காடி நிலையத்தின் மேல்மாடியில் உள்ள ராணுவப் பொருள் கடைகளில் மெஸ் டின் என்ற ராணுவச் சாப்பாட்டுப் பாத்திரமும் கிடைக்கும். வில்லை நாற்றமடிக்கும், பாத்திரத்தின் அடியைக் கரியாக்கும், சுடரைக் கூட்டிக் குறைக்க முடியாது. புதியவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். ஸ்பிரிட் அடுப்பும் அப்படித்தான், பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்கே தெரியாது. பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில் அது மிகவும் ஆபத்து. ஆனால் வீட்டில் அண்ணனின் பழைய மெஸ் டின் கிடந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள், நல்ல பாத்திரம்.

பாத்திரம் என்றதும் டைட்டேனியத்தின் பெயர் அடிபடும். இலேசானது, விலை அதிகம். வெறும் தண்ணீர் கொதிக்க வைப்பவர்களுக்குச் சரி. நம் சமையலுக்கு அது பொருந்தாது, ஏனென்றால் சூடு பரவாமல் சுடர் படும் இடத்திலேயே தங்கிவிடும். நடுவில் ரவை கருகும், ஓரத்தில் பச்சையாக இருக்கும். அலுமினியத்தில் சூடு சட்டென்று பரவும், ஆனால் மேல்பூச்சு இல்லாத வெறும் அலுமினியத்தில் புளியோ தக்காளியோ சேர்ந்தால் உலோகம் கரைந்து வாடை வரும். மேற்பரப்பைக் கடினமாக்கிய, சாம்பல் நிற அலுமினியப் பாத்திரம்தான் தாளிக்கவும் ரசம் வைக்கவும் ஏற்றது. டெக்கத்லான் போன்ற கடைகளில் மூடியோடு கிடைக்கிறது. ஒருவருக்கு 750 மில்லி முதல் ஒரு லிட்டர் வரை, மூன்று பேருக்கு ஒன்றரை லிட்டர்.

தோசைக்கல்லைக் கொண்டு போகும் ஆசை பலருக்கும் உண்டு. தயவுசெய்து கேஸட் அடுப்பில் அகலமான இரும்புக் கல்லை வைக்காதீர்கள். கேன் இருக்கும் பெட்டியின் மேல் கல் நீட்டிக்கொண்டிருந்தால், அதன் சூடு கீழே இறங்கிக் கேனைக் காய்ச்சும். கேன் வெடித்த விபத்துகளில் பல இப்படி நடந்தவைதான். இரண்டு அடுப்பை ஒட்டி வைத்து ஒரே பெரிய பாத்திரம் ஏற்றுவதும் இதே ஆபத்து. பாத்திரத்தின் விட்டம் அடுப்பின் பர்னர் பகுதிக்குள் நிற்க வேண்டும்.

காற்றுத் தடுப்பும் இந்தக் கணக்கில்தான் வரும். ஈஸ்ட் கோஸ்ட் காற்றில் அது இல்லாமல் தண்ணீர் கொதிக்காது. ஆனால் கேனின் தலையில் உட்காரும் அடுப்பைச் சுற்றி முழு வட்டமாகத் தகடு வைத்தால் உள்ளே சூடு சேர்ந்து கேன் காயும். காற்று வரும் பக்கம் மட்டும் மறைத்து, மறுபக்கத்தைத் திறந்து விடுங்கள். அவ்வப்போது கேனைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே அணைத்துவிட வேண்டும்.

முதல் தடவை

புது அடுப்பைக் கடற்கரைக்குப் போய்த்தான் முதலில் பற்றவைப்பது என்று இருக்க வேண்டாம். வீட்டுச் சமையலறையில், சன்னலைத் திறந்து வைத்து, பக்கத்தில் வேறு சுடர் இல்லாதபோது கேனைப் பொருத்துங்கள். இணைப்பில் சோப்பு நீரைத் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. இணைப்பில் உள்ள ரப்பர் வளையத்தில் மணலோ வெடிப்போ இருக்கிறதா என்று பார்த்துத் திரும்பப் பொருத்துங்கள். அப்போதும் குமிழி வந்தால் கடையில் மாற்றிக்கொள்ளுங்கள். சரியாக இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க விட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றே அதில் ஒரு உப்புமாவும் செய்துவிட்டால், எந்தக் கரண்டி குட்டை, எந்தக் கைப்பிடி சுடுகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். தாழ்வாரத்திலும் புளோக்கின் கீழ்த்தளத்திலும் இந்தச் சோதனை வேண்டாம். அவை பொது இடங்கள், அங்கே அடுப்புப் பற்றவைக்க அனுமதி இல்லை.

எங்கே சமைக்கலாம்?

பூங்காக்களில் தரையில் விறகு மூட்டி எரிப்பதற்கு இடமே இல்லை. தேசியப் பூங்காக் கழகம் அமைத்திருக்கும் பார்பிக்யூ குழிகளை முன்பதிவு செய்து பயன்படுத்தலாம். ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ் போன்ற பூங்காக்களில் கூடாரம் போட அனுமதிச் சீட்டு வேண்டும். அந்தச் சீட்டின் நிபந்தனைகளையும் இடத்தில் உள்ள பலகையையும் படித்துவிட்டு, அடுப்புக்கு அனுமதி உண்டு என்று தெளிவாகத் தெரிந்தால் மட்டும் பற்றவையுங்கள். சந்தேகமாக இருந்தால் அடுப்பு காரிலேயே இருக்கட்டும், ஃபிளாஸ்கைத் திறங்கள். இரண்டு செட்டாகப் பிரித்ததன் பலன் அந்த இடத்தில்தான் தெரியும்.

புலாவ் உபின் போகிறவர்கள் குடிநீரை இங்கிருந்தே எடுத்துப் போங்கள். தீவில் குழாயில் வருவதைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம். சாங்கிப் படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு கிளம்பிவிடும், பயணம் பத்து நிமிடம்தான். எரிவாயு கேன் கையில் இருந்தால் ஏறுவதற்கு முன்பே படகுக்காரரிடம் சொல்லிக் கேட்டுவிடுங்கள். அங்கே காட்டுப்பன்றியும் குரங்கும் சாப்பாட்டு வாடைக்கு வரும். குரங்குகளுக்கு பிளாஸ்டிக் பை என்றாலே தீனி என்று தெரியும், அதனால் பொட்டலங்களை வெளியே தெரியாமல் பைக்குள் வையுங்கள். பாவம் என்று ஒரு பிடி போட்டாலும் சட்டப்படி குற்றம். 2020 ஜூனிலிருந்து எந்தக் காட்டு விலங்குக்கும் தீனி போடக் கூடாது.

ஜொகூர் பக்கம் போவதானால் கேனை எல்லை தாண்டித் தூக்கிப் போகாமல் அங்கேயே வாங்குங்கள், கேஸட் கேன் அங்கே சூப்பர்மார்க்கெட்டுகளில் கிடைக்கும். விமானத்தில் கேனுக்கு இடமே கிடையாது, கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது.

எங்கே சமைத்தாலும் கூடாரத்துக்குள் அடுப்பு வேண்டாம். மழை கொட்டினாலும் வேண்டாம். மூடிய இடத்தில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, தூக்கம் வருவதுபோல் இருக்கும்போதே ஆளை வீழ்த்திவிடும். மணலில் அடுப்பு வைப்பதானால் கீழே ஒரு பலகையோ பழைய தரை ஓடோ போடுங்கள். அடுப்பின் பொறிப்பொத்தான் கடற்கரை ஈரத்தில் வேலை செய்யாமல் போகும், லைட்டர் ஒன்று இருக்கட்டும். நண்பர்கள் சேர்ந்து போகும்போது சைவம் சாப்பிடுபவரும் ஹலால் பார்ப்பவரும் இருப்பார்கள். அவரவருக்கென்று ஒரு சிறு பாத்திரமும் ஸ்பூனும் தனியாக எடுத்து வைத்தால் எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

அடுக்குவதும் கழுவுவதும்

பாத்திரத்துக்குள் முதலில் துணி, அதன்மேல் அடுப்பு, லைட்டர், பொடிப் புட்டிகள். துணி இல்லாவிட்டால் நடக்கும்போது எல்லாம் கடகடவென்று ஆடி, பாத்திரத்தின் உட்புறம் கீறிவிடும். கேனை அடுப்பிலிருந்து கழற்றி, மூடி போட்டு, தனியே வையுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். கேனின் மேலேயே இத்தனை டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று போட்டிருக்கும், பெரும்பாலும் 40 அல்லது 50. மதிய வெயிலில் மூடிய கார் அதை எளிதில் தாண்டிவிடும்.

பாத்திரத்தைப் பூங்காக் கழிவறையிலோ வடிகாலிலோ கழுவ வேண்டாம், சோறும் எண்ணெயும் அடைத்துக்கொள்ளும். டிஷ்யூவால் வழித்துத் துடைத்து, ஜிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். ஃபிளாஸ்கை அன்றே கழுவிவிட வேண்டும், உப்பும் புளியும் ராத்திரி முழுக்கக் கிடந்தால் எவர்சில்வரும் புள்ளி விழும். ரப்பர் வளையத்தைக் கழற்றித் தனியாகக் கழுவி, மூடியைத் திறந்தே வைத்து உலர விடுங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் மறுநாள் திறக்கும்போதே பூஞ்சை வாடை அடிக்கும். வாடை ஏறிவிட்டிருந்தால் ஒரு கரண்டி ஆப்பசோடாவைப் போட்டுச் சுடுநீர் ஊற்றி, மூடாமல் ஒரு மணி நேரம் விட்டுக் கழுவுங்கள். மூடி வைத்தால் வாயு சேர்ந்து மூடி தெறிக்கும்.

மிச்சம் உள்ள கேனை வீட்டில் அடுப்புக்குத் தூரமாக, நிழலான இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். பாதி நிறைந்த கேனைக் குப்பைக் குழாயில் போடாதீர்கள். அடுத்த முறை தண்ணீர் கொதிக்க வைத்து, முழுவதும் எரித்துத் தீர்த்த பிறகு அப்புறப்படுத்துங்கள்.